குடத்தின் ஆழம்

ஓர் இசைக்கருவியை விலை பேசும்போது நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. மரம் எது? செய்தவர் யார்? அரங்கின் கடைசி வரிசை வரை ஒலி எட்டுமா? நான்காவதாக ஒரு கேள்வியும் உண்டு. இதை மடியில் வைத்து நாள்தோறும் வாசிக்கப் போகிறவருக்கு இதன் ஒலி எப்படிக் கேட்கும்? அதை ஏனோ நாம் கேட்பதில்லை. வாசிப்பவர் கருவியைத் தொட்டுக்கொண்டே இருக்கிறார். எனவே மற்ற எல்லாரையும்விட அவருக்கே நன்றாகக் கேட்கும் என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் அருகில் இருப்பது வேறு, எதிரில் இருப்பது வேறு. அடுத்தவர் செவிக்குப் போவதும் வாசிப்பவர் செவிக்குத் திரும்புவதும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடையே பங்கு பிரிப்பதில், கருவியின் வயிறு எவ்வளவு ஆழம் என்பதற்குப் பெரிய இடம் உண்டு. வீணையின் குடமானாலும் கிடாரின் பெட்டியானாலும் இது பொருந்தும். எங்கள் குடும்பத்தில் ஒரு வீணையை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா என்ற பேச்சு எழுந்தபோது இந்த நான்காவது கேள்விதான் தீர்ப்புச் சொல்லிற்று. அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

நாங்கள் சித்தூர்த் தமிழர்கள். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அது சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் அதனோடு சென்றது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. இருந்த திண்ணையை விட்டு எழுந்திராமலேயே எங்கள் பாட்டனார் வேறு மாநிலத்துக்காரர் ஆனார். வீட்டுக்குள்ளே தமிழ், வாசற்படியைத் தாண்டினால் தெலுங்கு. இரண்டுக்கும் பொதுவாய் நின்றது சங்கீதம் ஒன்றுதான். காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளையிடம் பயின்று, 1954-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் (1898–1975) பெயரோடு ஒட்டிக்கொண்டுதான் எங்கள் ஊர்ப் பெயரும் கச்சேரி மேடைகளில் ஏறிற்று. வீட்டுப் பெண்களுக்குப் பாட்டோ வீணையோ சொல்லிக்கொடுப்பது அந்நாளில் எங்கள் தெருவில் வழக்கமாக இருந்தது.

என் தமக்கைக்கு வாய்த்தது வீணை. எங்கள் தாயார் தம் திருமணச் சீரோடு கொண்டுவந்த தஞ்சாவூர் வீணை அது, பலாமரத்தில் குடைந்தது. திருப்பதியில் 1959-இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ வேங்கடேசுவரா இசை நடனக் கல்லூரியில் எழுபதுகளின் தொடக்கத்தில் அக்காள் சேர்ந்து படித்தார். சித்தூரிலிருந்து பாகாலா வழியாகத் திருப்பதி செல்லும் மீட்டர் கேஜ் ரயில் அப்போது இருந்தது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்த வீணையை உறை போட்டு, இருக்கையில் தமக்குப் பக்கத்தில் ஒரு குழந்தையைப் போல் உட்காரவைத்து அழைத்து வருவார். பிற்காலத்தில் நிகழ்ச்சிகளுக்கென்று மற்றொரு வீணை வாங்கினார். அது எடை குறைந்தது. குடமும் ஆழம் குறைந்தது. பலகையில் ஒட்டவைக்கும் சிறிய ஒலிவாங்கியோடு மேடையில் அது நன்றாகவே பேசிற்று. வீட்டிலோ, அவர் கை தானாகப் போனது பழைய வீணைக்கே. அது வெறும் பழக்கம் என்றும் அம்மாவின் நினைவு என்றும் நாங்கள் நினைத்தோம். அதற்குள் ஒரு பௌதிகமும் இருந்தது.

அந்தப் பௌதிகத்தை விளக்கக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. குழாயடியில் குடம் நிரப்பியவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்ததே. வெறுங்குடத்தில் தண்ணீர் விழத் தொடங்கும்போது ஒலி தாழ்வாக இருக்கும். நிரம்ப நிரம்ப மேலேறும். கண்ணை வேறு பக்கம் திருப்பி ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும் பெண்மணி, கழுத்துவரை தண்ணீர் வந்துவிட்டதைக் காதால் அறிந்து குழாயை மூடுவார். தண்ணீர் ஏற ஏறக் குடத்துக்குள் இருக்கும் காற்றின் அளவு குறைகிறது. காற்று குறையக் குறைய அது அசையும் வேகம் கூடுகிறது, ஒலி உயர்கிறது. ஒரு வாயும் ஒரு வயிறும் உள்ள எந்தப் பாத்திரத்துக்கும் இவ்வாறு தனக்கென ஓர் ஒலி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை ஆராய்ந்து எழுதியமையால், அவர் பெயராலேயே இவ்வொத்திசைவு வழங்குகிறது.

கிடாரும் ஒரு குடமே. நடுவில் உள்ள வட்டத் துளை அதன் வாய். பெட்டி அதன் வயிறு. சாதாரணக் கிடாரில் இக்காற்றறையின் ஒலி வினாடிக்கு 100 அதிர்வுகளை ஒட்டி இருக்கும். அதன் தடித்த தந்தி 82 அதிர்வுகளிலும், அடுத்த தந்தி 110 அதிர்வுகளிலும் பேசுவன. ஆகவே இந்தக் காற்றறைதான் கீழ்த்தந்திகளுக்குத் தோள் கொடுக்கிறது. இப்போது பெட்டியின் ஆழத்தைப் பாதியாக்கினால் என்ன ஆகும்? காற்றின் அளவு பாதியாகும். அதன் ஒலி இரண்டின் வர்க்கமூலம் மடங்கு, அதாவது 1.41 மடங்கு உயரும். நம் கணக்கில் சொன்னால், ஷட்ஜத்தில் இருந்தது பிரதி மத்தியமத்துக்கு ஏறிவிடும். அவ்வளவு வேண்டாம், 12 சென்டிமீட்டர் ஆழமுள்ள பெட்டியில் ஒன்றேகால் சென்டிமீட்டர் மட்டும் குறைத்தாலும் ஏறக்குறைய ஒரு சுரஸ்தானம் உயரும். பலகைகளும் சேர்ந்து அசைவதால் உண்மைக் கருவியில் கணக்கு சற்றுத் தளர்ந்து வரும். போகும் திசை மட்டும் மாறாது. ஆழம் குறைந்தால் கீழொலிக்குக் கிடைக்கும் துணை மேலே நகர்ந்துவிடுகிறது. அடித்தந்தியை மீட்டும்போது, கீழே தாங்குவாரின்றி அது தனித்து நிற்கிறது.

இது கருவியின் பக்கத்துச் செய்தி. வாசிப்பவரின் பக்கத்துச் செய்தி இன்னொன்று. ஒலி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பரவுவதில்லை. வினாடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டருக்குச் சற்றே குறைவு. ஓர் அறை நீளம். அதன் முன் ஒரு கிடார் சிறு கூழாங்கல். ஒலி அதைச் சுற்றி வளைந்து பின்புறமும் நிரம்புகிறது. 3400 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளமோ பத்து சென்டிமீட்டர்தான். அது வளைவதில்லை, பலகை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே பெரும்பாலும் பாய்கிறது. கிடார் வாசிப்பவரின் காது பலகைக்குப் பின்னால் இருக்கிறது. எனவே கூர்மையான மேலொலிகளில் பெரும்பகுதி எதிரில் இருப்பவர்களுக்குப் போய்விடுகிறது. வாசிப்பவருக்கு மிஞ்சுவது சுற்றி வளைந்து வரும் கீழொலியும், மார்பிலும் தொடையிலும் படும் அதிர்வும். பெட்டியின் ஆழத்தைக் குறைப்பவர், வாசிப்பவருக்கென்று மிஞ்சியிருந்த அந்தப் பங்கிலேயே கை வைக்கிறார்.

வீணை இவ்விஷயத்தில் வாசிப்பவருக்குச் சற்று இரக்கம் காட்டும் கருவி. அதன் பலகை சபையைப் பார்ப்பதில்லை, வானத்தைப் பார்க்கிறது. வாசிப்பவர் அதன்மேல் கவிந்து அமர்ந்திருக்கிறார். வலது முன்கை பலகையின் ஓரத்தில் படிந்திருக்கிறது. குடம் வலப்புறத்தில் தரையைத் தொட்டு நிற்கிறது. சுரைக்காய் இடது தொடைமேல் இருக்கிறது. காது, கை, தொடை ஆகிய மூன்று வழியாகவும் நாதம் வந்து சேர்கிறது. சர் சி. வி. இராமன் 1921-இல் வீணை, தம்பூரா ஆகியவற்றைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியில், அவற்றின் அகன்று வளைந்த குதிரையின் தனிச்சிறப்பை எடுத்துக்காட்டினார். தந்தி அந்தப் பித்தளை வளைவின்மேல் பட்டும் படாமலும் அதிர்வதால் மேலொலிகள் செழிப்பாக எழுகின்றன. ஆக, வீணையில் வேலைப் பங்கீடு உண்டு. மினுமினுப்பைத் தருவது குதிரை. மந்தரத்தையும் அனுமந்தரத்தையும் தாங்குவது குடம்.

2023-ஆம் ஆண்டு டிசம்பரில் நாங்கள் சிட்னியிலிருந்து சித்தூர் சென்றபோது, என் பேத்தி தன் கிடாரையும் உடன் கொண்டுவந்தாள். பதினைந்து வயதுப் பெண். விமானத்துக்கும் பள்ளிக்கும் தூக்கிச் செல்ல எளிதாக இருக்க வேண்டுமென்று தேர்ந்தெடுத்த ஒல்லிக் கிடார் அது. உள்ளே பிக்கப் பொருத்தியது. ஒலிபெருக்கியோடு இணைத்தால் அரங்கு முழுவதும் கேட்கும். ஆனால் அவளுக்கு ஒரு குறை. "அத்தைப் பாட்டி, மேடையில் இது நன்றாக இருக்கிறது. என் அறையில் தனியாக வாசித்தால் மட்டும் தகரத்தைத் தட்டுவது போலிருக்கிறது" என்றாள். அக்காள் அவளைக் கூடத்தில் சுவரைப் பார்த்து, ஒரு முழம் தள்ளி உட்காரச் சொன்னார். சாதகம் செய்யும் காலத்தில் தாம் கண்டுகொண்ட வித்தை அது என்றார். சுவரில் பட்டுத் திரும்பிய ஒலியைக் கேட்டதும் குழந்தையின் முகம் மலர்ந்தது. எதிரில் இருப்பவர்கள் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்ததை அவள் அன்றுதான் கேட்டாள். கிடார் செய்பவர்களில் சிலர் இதற்காகவே பெட்டியின் மேல்விளிம்பில், வாசிப்பவர் காதைப் பார்த்து இரண்டாவது துளை ஒன்று இடுகிறார்கள்.

இருந்தும் அவள் அதோடு நிறைவடையவில்லை. "தெளிவு வந்துவிட்டது பாட்டி, கனம் வரவில்லை" என்றாள். சுவரால் திருப்பித் தர முடிந்தது மேலொலியை மட்டுமே. பெட்டியில் பிறக்காத கீழொலியைச் சுவர் எங்கிருந்து தரும்? பிறகு கிடாரின் துளைக்கு நேரே வாயை வைத்து, கீழிருந்து மேலாக மெல்ல முனகிப் பார்த்தாள். ஓரிடத்தில் பெட்டி தானும் சேர்ந்து முனகிற்று. அதுவே அந்தப் பெட்டியின் சொந்த சுருதி. ஓர் அட்டைத் துண்டால் துளையைப் பாதி மறைத்தபோது அந்த சுருதி கீழே இறங்கிற்று. ஆனால் வலிமை குன்றிற்று. வாயைச் சுருக்கியும் கீழொலி பெறலாம், வயிற்றைப் பெருக்கியும் பெறலாம். இரண்டும் ஒன்றல்ல என்பதை அவளே சொன்னாள்.

இவ்விடத்தில் மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சித்தூர்க்காரன் மரத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. திருப்பதி மலையைச் சேர்ந்த சேஷாசலக் காடுகளில் விளையும் செம்மரம் உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒன்று. நம் குழந்தைகள் கடித்து விளையாடிய மரப்பாச்சிப் பொம்மை அந்த மரத்தில் கடைந்தது. ஜப்பானியர்கள் தங்கள் ஷாமிசென் என்னும் மூன்று தந்தி வாத்தியத்தின் கழுத்துக்கு உயர்ந்ததென்று போற்றுவதும் அதையே. இத்தனை பெருமை உள்ள மரம் வீட்டருகில் இருந்தும், தமிழ்நாட்டுத் தச்சர் வீணைக் குடத்துக்கு நாடிப் போனது பண்ருட்டிப் பக்கத்துப் பலாவைத்தான். கனமும் கடினமும் கழுத்துக்கு நல்லவை. குடத்துக்கு வேண்டியது குடையவும் அதிரவும் இடம் கொடுக்கும் மரம்.

மரத்தின் பெயர் அளவுக்கு மீறி விலை போகிறது என்பதற்கு வெளிநாட்டுச் சான்றுகளும் உண்டு. இன்றைய கிடாருக்கு வடிவம் கொடுத்த ஸ்பானியர் அந்தோனியோ தெ தோரெஸ், 1862-இல் பின்பக்கமும் விலாக்களும் காகிதக் கூழால் ஆன ஒரு கிடாரைச் செய்து காட்டினார். மேற்பலகை மட்டுமே மரம். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, பின்பக்க மரத்தில் மட்டும் வேறுபட்ட ஆறு கிடார்களைச் செய்வித்தனர். ஒன்றில் நம் நாட்டு ஈட்டி மரம். மற்றொன்றில் கிடைத்தற்கரிய பிரேசில் நாட்டு மரம். 52 கலைஞர்களை, எந்தக் கிடார் என்று தெரியாதபடி மங்கிய ஒளியில் கண்ணாடி அணிவித்து வாசிக்கச் செய்தபோது, மரத்துக்கு மரம் மதிப்பெண்ணில் பெரிய வேற்றுமை இல்லை. அந்த ஆறு கிடார்களுக்கும் வடிவம் ஒன்று, ஆழமும் ஒன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். மரம் மாறியும் மாறாத ஒலி, ஆழம் மாறினால் மாறும்.

இனி அக்காளின் செவியைப் பற்றிச் சொல்லலாம். எழுபது வயதை நெருங்கும்போது அவருக்குக் கேட்கும் திறன் குறையத் தொடங்கிற்று. 'பத்து' என்றால் 'பட்டு' என்று கேட்கும். 'சாவி' என்றால் 'காவி' என்று கேட்கும். முதுமையில் செவி இழப்பது முதலில் மேலொலிகளையே. சொற்களை வேறுபடுத்தும் மெய்யெழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. மருத்துவர் எழுதிக்கொடுத்த வரைபடத்தில், தாழ்ந்த ஒலிகளின் பக்கம் கோடு ஏறக்குறைய நேராகவே போயிற்று. 2000 அதிர்வுக்கு மேல் மலைச்சரிவு போல் இறங்கிற்று. காதுக்கருவி வாங்கிக் கொடுத்தோம். பேச்சுக்கு அது உதவிற்று. வீணை வாசிக்கும்போது மட்டும் அதைக் கழற்றி வைத்துவிடுவார். பேச்சுக்கென்று அளவு செய்த கருவி தந்தி ஒலியைத் தட்டையாக்குகிறது என்பார்.

அவர் மகன் திருப்பதியில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறான். 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபின், அம்மாவும் பிள்ளையும் இரு வேறு மாவட்டத்தில் இருப்பானேன் என்று வேடிக்கையாகச் சொல்லியே, தன்னோடு வந்து இருக்குமாறு அழைத்துக்கொண்டிருந்தான். அவர் இசைந்தார். சித்தூர் வீட்டை ஒழிக்கும்போதுதான் வீணைப் பிரச்சினை எழுந்தது. புதிய வீட்டில் இரண்டுக்கு இடமில்லை. பழைய வீணை பெரியது. மெழுகு வறண்டு மெட்டுகள் தளர்ந்திருந்தன. பலகையில் ஒரு விரிசல். இலேசான வீணையோ பழுதில்லாதது. "அம்மா, உனக்கோ காது மந்தம். ஒலிபெருக்கியோடு வாசிக்கக் கூடிய வீணையை வைத்துக்கொள்வதல்லவா நியாயம்?" என்று மகன் கேட்டான். அன்பினால் கேட்ட கேள்விதான். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவும் இருந்தது. அக்காள் ஒன்றும் சொல்லவில்லை. முதுமையில் நம் தாய்மார்கள் எத்தனையோ பொருளை இப்படித்தான் பேசாமல் விட்டுக்கொடுக்கிறார்கள்.

பேத்திதான் குறுக்கிட்டாள். இரண்டையும் ஒரே சுருதியில் சேர்த்து, காதுக்கருவி இல்லாமல், ஒலிபெருக்கி இல்லாமல் வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றாள். நாங்கள் நால்வர் எதிரில் அமர்ந்தோம். அக்காள் கண்ணை மூடிக்கொண்டு முதலில் இலேசான வீணையில் தோடி ஆலாபனையில் சில பிரயோகங்கள் வாசித்தார். பிறகு அதையே பழைய வீணையில் வாசித்தார். எதிரில் இருந்த எங்களுக்கு ஐயமே இல்லை: முதல் வீணையே தெளிவு. கமகத்தின் ஒவ்வொரு நெளிவும் பளிச்சென்று விழுந்தது. பழையது சற்று மங்கல், கொஞ்சம் இருமலும் உண்டு. எங்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தோம்.

அக்காள் முன்கையைப் பழைய வீணையின் பலகை மேலிருந்து எடுக்காமலே சொன்னார்: "இதில் நான் வாசிப்பது எனக்குத் தெரிகிறது. அதில் வாசித்ததை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன்."

அந்தச் சொல் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. நாங்கள் கேட்ட தெளிவு அவருடைய செவியை விட்டுப் போய்விட்ட பகுதியில் இருந்தது. இலேசான வீணையின் செல்வம் எல்லாம் மேலொலியில். அது அவர் வாசலில் வந்து நின்றும் அவர் கதவு திறக்க இயலவில்லை. பழைய குடத்தின் செல்வம் கீழொலியில். அந்தக் கதவு இன்னும் திறந்திருந்தது. செவி தரும் செய்தியோடு தோல் தரும் செய்தியும் சேர்ந்தது. நம் தோல் அதிர்வை உணர்வதில் வினாடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளுக்கே மிகக் கூர்மையானது. அதற்கு மேலே போகப் போக மழுங்கிவிடும். முன்கையும் தொடையும் அறிவதும் அந்தத் தாழ்ந்த பக்கத்து நாதத்தைத்தான். ஆழ்ந்த குடம் அவருக்கு இரண்டு வழியாகவும் கேட்டது. ஆழமற்றது ஒரு வழியாகவும் சரியாகக் கேட்கவில்லை. இவ்விரு வீணைகளுக்கும் இடையே ஆழம் ஒன்றுதான் வேறுபாடு என்று நான் வாதிட மாட்டேன். பலகையின் கனம், மரத்தின் வயது, குதிரையின் சீர் எல்லாமே வேறு. ஆயினும் வீணையின் காற்றுக்கு இடம் கொடுத்த அந்த ஆழத்துக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்பது என் துணிபு.

மகன் எழுந்து போய்த் தாயின் அருகில் அமர்ந்து, பழைய வீணையின் குடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, மந்தர ஷட்ஜத்தை வாசிக்கச் சொன்னான். அவன் சங்கீதம் பயின்றவன் அல்லன். ஆனால் கையெடுக்கும்போது அவன் குரல் மாறியிருந்தது. "இது நம்மோடு வரட்டும் அம்மா" என்றான். அதன் பின் விரிசலை ஒட்டி, மெழுகைப் புதுப்பித்து, மெட்டுகளைச் சீராக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். இலேசான வீணை எங்களோடு சிட்னிக்கு வந்தது. கிடாரை விடாமலே என் பேத்தி அதையும் கற்றுக்கொண்டிருக்கிறாள். இங்கே எங்கள் வீட்டில் மரத்தளம். சித்தூர் வீட்டின் சிவப்புச் சிமெண்டுத் தரையைப் போலன்றி, அதுவும் குடத்தோடு சேர்ந்து சற்றே அதிர்கிறது. இளஞ்செவிக்கு அந்த வீணையின் மேலொலியெல்லாம் முழுதாகக் கேட்கிறது. இரண்டு வீணைகளும் தத்தம் செவியைத் தேடிச் சேர்ந்தன எனலாம்.

கடல் கடந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது என்று கருதுவதாலேயே இதை இம்மலருக்கு எழுதினேன். நம் குழந்தைகளுக்குக் கருவி வாங்கும்போது நாம் மூன்றை நினைக்கிறோம்: விமானத்தில் ஏற்ற வேண்டும், வீட்டில் இடம் அடைக்கக் கூடாது, ஆண்டு விழாவில் நன்றாகக் கேட்க வேண்டும். ஒல்லிக் கிடாரும், குடமே இல்லாத மின்வீணையும் இத்தேவைகளை நிறைவேற்றுகின்றன. அவற்றை நான் குறை சொல்லவில்லை. அடுத்த வீட்டாருக்குத் தொந்தரவின்றி நள்ளிரவில் சாதகம் செய்ய அவற்றைப் போல் வேறில்லை. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். சங்கத்து விழாவில் ஒரு குழந்தைக்குக் கிடைப்பது பத்து நிமிடம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் சாதகம் செய்தால் ஆண்டுக்கு முந்நூறு மணிக்கு மேல். அந்த முந்நூறு மணியும் கேட்பவர் ஒரே ஒருவர்தான். அது அந்தக் குழந்தை. பத்து நிமிடக் கேள்வியருக்காகக் கருவியைத் தேர்ந்தெடுத்து, முந்நூறு மணிக் கேள்வியரை மறந்துவிடலாமா? குழந்தைகள் இடையில் நிறுத்திவிடுகிறார்கள் என்று நாம் வருந்துகிறோம். நிறுத்துவதற்குக் காரணங்கள் பல. தான் வாசிப்பது தனக்கே இனிக்காமல் போவதும் அவற்றில் ஒன்று.

வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிக்கும்போது, அறை நிறைய இரசிகர் இருந்தாலும் ஊசி விழும் ஓசை கேட்குமாம். ஒலிவாங்கி இல்லை, ஆரவாரம் இல்லை. அவர் குரலை உயர்த்திச் சபையிடம் போகவில்லை. சபை மூச்சடக்கிக்கொண்டு அவரிடம் வந்தது. வாசிப்பவருக்குக் கேட்கும் நாதத்தில் பங்கு கேட்டு வந்தவர்கள் அவர்கள். ஒலிபெருக்கி வந்த பிறகு அந்த ஏற்பாடு தலைகீழாயிற்று. சபைக்கு வேண்டியதைக் கம்பி கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆகவே கருவியின் வயிறு எதற்கு என்று கேட்கத் தொடங்கினோம். சபைக்கு அது தேவையில்லாமல் போயிருக்கலாம். வாசிப்பவருக்கு இன்றும் தேவை.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை கருவி வாங்கப் போகும்போது குழந்தையை உடன் அழைத்துச் செல்லுங்கள். கடைக்காரர் வாசித்துக் காட்டுவதை எதிரில் நின்று கேட்பதோடு திருப்தி அடையாதீர்கள். ஆழமானது ஒன்றும் ஆழமற்றது ஒன்றும் குழந்தையின் மடியில் மாறிமாறி வைக்கச் சொல்லுங்கள். கம்பியைக் கழற்றிவிட்டு, அடித்தந்தியை மட்டும் மீட்டச் சொல்லுங்கள். குழந்தையின் கைக்கு எட்டாத பெருவயிற்றுக் கருவியும் ஆகாது. தோள் வலித்தால் எந்த நாதமும் இனிக்காது. தழுவிக்கொள்ளும் அளவுக்குள் எவ்வளவு ஆழம் கிடைக்குமோ அவ்வளவு கொடுங்கள். எது நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொல்வதற்கு முன், எது உனக்குக் கேட்கிறது என்று அவர்களைக் கேளுங்கள்.

திருப்பதியில் அக்காள் இப்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். அவர்கள் தெலுங்கில் கேட்பதைப் பாதி உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்கிறாராம். அவர்கள் வாசிப்பதில் பிசகு வந்தால் மட்டும், அந்தப் பழைய குடத்தின் மேல் வைத்த கையால் உடனே கண்டுபிடித்துவிடுகிறாராம்.